தட்டைப் பக்கம்

அடக்கமாகப் பேசுவது எனக்கு வராது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் நல்ல ஹாக்கி ஆட்டக்காரன். ஆடுவதற்கென்றே ஒரு எஸ்டேட் எனக்குச் சம்பளம் கொடுத்தது. எங்கள் பள்ளத்தாக்கில் அந்தக் காலத்தில் கூலிக்கு நெல் அறுக்கிறவர்கள் இருந்தார்கள், கூலிக்குக் கமலையில் தண்ணீர் இறைக்கிறவர்கள் இருந்தார்கள், கூலிக்கு ஒப்பாரி வைக்கிறவர்கள்கூட இருந்தார்கள். கூலிக்குப் பந்து அடித்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். இதைச் சொன்னால் என் சம்சாரம், ஆமாம், பெரிய உத்தியோகம் என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொள்வாள். உத்தியோகம்தான். இடிக்கட்டும்.

எங்கள் ஊர் சின்னமனூரை ஒட்டியது. அய்யாவுக்கு ஆற்றுத் தண்ணீர் பாயும் இருபோக வயல். எனக்கு மேலே மூன்று அக்காக்கள், மூன்று பேரையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. எனக்குக் கீழே யாரும் இல்லை. ஆகவே அந்த வயலில் இறங்க வேண்டியவன் நான்தான் என்பதில் அய்யாவுக்கு எந்தக் காலத்திலும் சந்தேகம் வந்ததில்லை. ராயப்பன்பட்டியில் தங்கவைத்து எட்டாம் வகுப்புவரை படிக்கவிட்டதுகூட, பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் ஒருவனுக்காவது தெரிய வேண்டும் என்பதற்காக.

ராயப்பன்பட்டியில் படித்தபோதுதான் ஹாக்கியைப் பார்த்தேன். மேகமலை எஸ்டேட் ஒன்றுக்கும், குமுளிக்கு அப்பால் திருவிதாங்கூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றுக்கும் வருடம் ஒருமுறை கப் போட்டி நடக்கும். இவர்கள் மலையை அவர்கள் ஏற மாட்டார்கள், அவர்கள் மலையை இவர்கள் ஏற மாட்டார்கள். யார் ஏறுவது என்று வீம்பு பிடித்து, கடைசியில் இரண்டு மலைக்கும் நடுவே உத்தமபாளையத்தில் சமதரையில் வைத்துக்கொண்டார்கள். கிட்டத்தில் நின்று பார்க்க எங்களை விடவில்லை. நாங்கள் நான்கைந்து பேர் ரோட்டோரப் புளியமரத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்தோம்.

மரத்திலிருந்து எல்லாம் தெரிந்தது, ஒன்றைத் தவிர. ஹாக்கி மட்டைக்கு ஒரு முகம் தட்டை, மறுமுகம் உருண்டை. தட்டை முகத்தால் மட்டும்தான் பந்தைத் தொடலாம். உருண்டை பட்டால் தப்பாட்டம். அவ்வளவு தூரத்துக்கு இது எப்படித் தெரியும்? வளைந்த கம்பால் பந்தை அடித்து இரண்டு கம்பத்துக்கு நடுவே தள்ள வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம் என்று நினைத்துக்கொண்டு இறங்கினோம்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்ததும் பூவரசில் வளைந்த கிளையாகப் பார்த்து வெட்டினோம். கருவேலங்கட்டையைச் செதுக்கிப் பந்து செய்தோம். கிளைக்கு ஏது தட்டை முகம்? எல்லாப் பக்கமும் உருண்டைதான். அறுத்துப்போட்ட வயலில் தாளடி காலைக் குத்தக் குத்த ஆடினோம். பந்து வலப்பக்கம் வந்தால் இப்படி அடிப்பேன், இடப்பக்கம் வந்தால் மட்டையைத் திருப்பாமல் அதன் பின்புறத்தாலேயே அப்படி அடிப்பேன். மற்றவர்கள் சுற்றித் திரும்பி நிற்பதற்குள் நான் அடித்துமுடித்திருப்பேன். எனக்கு இரண்டு பக்கமும் ஒரே வேகம். பதினெட்டு வயதுக்குள் தேவாரத்திலிருந்து கூடலூர்வரை என்னைத் தடுக்க ஆள் இல்லை என்று ஆகிவிட்டது. அத்தனை ஊரும் எங்களைப் பார்த்து ஆடக் கற்றுக்கொண்ட ஊர்தான் என்பது வேறு விஷயம்.

யுத்தம் தொடங்குவதற்கு நாலைந்து வருடம் முன்பு, ஒரு மாசி மாதம், எங்கள் வயலோர ரோட்டில் ஒரு கார் ஆவியைக் கக்கிக்கொண்டு நின்றது. மேகமலை எஸ்டேட்டின் மேனேஜர் துரையுடையது. டிரைவர் வாய்க்காலில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் துரை காருக்குள்ளிருந்தபடி எங்கள் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். கப்பை அவர் மூன்று வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தார். டிரைவரை அனுப்பி, அந்த ஒல்லிப்பையனுக்கு எழுதப்படிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். ரோட்டிலிருந்து பார்த்த துரைக்கும், புளியமரத்திலிருந்து பார்த்த எங்களுக்கு நடந்ததுதான் நடந்தது. கோல் விழுவது தெரிந்தது, மட்டையின் எந்தப் பக்கம் பட்டது என்பது தெரியவில்லை.

ஸ்டோர் கிளார்க் வேலை, சாயங்காலம் ஆட்டம், கப் போட்டிவரை தற்காலிகம், நன்றாக ஆடினால் நிரந்தரம். இதுதான் துரையின் பேச்சு. நான் அப்போதே மலை ஏறத் தயார். அய்யா மட்டும் கலப்பையைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டு, நிமிராமல் சொன்னார்.

"துரை கூப்பிட்டாகன்னா போ. ஆனா ஒண்ணு. கப்பு முடிஞ்ச அன்னிக்கு ஒன்னய நெரந்தரமாக்கலேன்னா, மறுபேச்சு பேசாம எங்கூட வண்டியில ஏறணும். ஆனி நடவுக்கு நீ வயல்ல நிக்கணும். அப்புறம் இந்த வெளாட்டுப் பேச்சே எடுக்கக் கூடாது."

சரி என்று சொல்லிவிட்டேன். தோற்பேன் என்று நினைத்திருந்தால்தானே யோசித்திருப்பேன்.

மேலே எல்லாம் புதிது. குளிர் புதிது, கம்பளி புதிது, அட்டை கடிப்பது புதிது. ஸ்டோரில் தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தியும் கம்பளியும் எடுத்துக்கொடுப்பது என் வேலை. எங்கள் அணிக்குத் தலைவர், எஸ்டேட் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர். கோட்டயம் பக்கத்துக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது கூட. வந்த அன்றே என் கையில் நிஜமான ஹாக்கி மட்டையைக் கொடுத்தார். இதென்ன, செய்தவன் ஒரு பக்கத்தைச் செதுக்க மறந்துவிட்டானா என்று கேட்டேன். நான் வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். விடாத மழையால் ஒரு வாரம் பயிற்சியும் இல்லை. அவர் அன்று சிரிக்காமல் இருந்திருந்தால் எனக்குப் பாதிக் கஷ்டம் குறைந்திருக்கும்.

முதல் ஆட்டம் பக்கத்து எஸ்டேட்டுடன். ஊதலை வைத்துக்கொண்டு நடுவராக நின்றவர் இன்னொரு எஸ்டேட்டைச் சேர்ந்த துரை. அவரை எல்லாரும் விசில் துரை என்பார்கள். ஈரப்புல்லில் இரண்டு முறை சறுக்கி விழுந்து எழுந்த பிறகு எனக்குக் கால் பிடிபட்டது. பந்து இடப்பக்கம் வந்தது. வழக்கம்போல் பின்புறத்தால் ஒரு அடி. கோல். விசில் ஊதியது. கோல் போட்டால் விசில் ஊதி மரியாதை செய்வார்கள்போல என்று மட்டையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடினேன். இரண்டாவதும் அப்படியே, விசில். மூன்றாவதும் அப்படியே, விசில். நான் ஒவ்வொரு முறையும் விசில் துரைக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

ஆட்டம் முடிந்தபோது நாங்கள் மூன்று ஒன்று என்று ஜெயித்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்று பூஜ்யம் என்று தோற்றிருந்தோம். டிரெஸ்ஸர் மட்டையை என் முகத்துக்கு நேரே பிடித்து, தட்டை இது, உருண்டை இது என்று குழந்தைக்குக் காட்டுவதுபோல் காட்டினார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம்போல் இருந்தது. அந்தக் கும்பிடுகளை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. மேனேஜர் துரை ஒன்றும் திட்டவில்லை. கப் போட்டியிலும் இப்படியே என்றால் மறுநாளே கீழே போகலாம் என்று மட்டும் சொல்லியனுப்பினார். டிரெஸ்ஸர், இவ்வளவு வருடப் பழக்கம் இரண்டு மாதத்தில் போகாது, இப்போதே அனுப்பிவிடலாம் என்றாராம். அது என் காதுக்கு வந்ததும் எனக்கு வந்த கோபம்தான் என்னைக் காப்பாற்றியது.

கஷ்டம் என்னவென்றால், எந்தப் பக்கம் பட்டது என்று அடிக்கிறவனுக்கே தெரியாது. கை தானாகச் செய்கிறது. அதனால் ஆஸ்பத்திரிக்குப் போய், புண்ணுக்குத் தடவுகிற ஊதா மருந்து ஒரு புட்டி கேட்டேன். எங்கே புண் என்றார் டிரெஸ்ஸர். மனதில் என்று சொல்லி வாங்கிவந்தேன். அதை மட்டையின் உருண்டை முகத்தில் தடவினேன். பந்துக்கு வெள்ளை அடித்தேன். மேலே புல் எப்போதும் நனைந்துதான் கிடக்கும், உருண்டை முகம் பட்ட இடமெல்லாம் பந்தில் ஊதா ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் சாயங்காலம் பந்தைப் பார்த்தால் கத்தரிக்காய்போல் இருந்தது.

தினமும் காலையில் ஒரு மணி நேரம், வேலை முடிந்து ஒரு மணி நேரம். பந்து இடப்பக்கம் வந்தால் மணிக்கட்டைத் திருப்பி, மட்டையைக் கவிழ்த்து, அதன் மூக்கு தரையைப் பார்க்க, தட்டை முகத்தாலேயே அடிக்க வேண்டும். நூறு முறை அடித்தால் தொண்ணூறு முறை பந்து தேயிலைச் செடிக்குள் போனது. கொழுந்து பறிக்கிற பெண்கள் எடுத்து எறிவார்கள். என் கையும் வேட்டியும் ஊதாவாகிக் கிடந்ததைப் பார்த்து, எழுத்து வேலைக்கு வந்தாகளா சாயம் போட வந்தாகளா என்று அவர்களுக்குள் பேசிச் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிடுவேன், மறுபடி அடிப்பேன். சித்திரை பாதியில் பந்தில் ஏழெட்டுப் புள்ளிதான் இருந்தது. வைகாசி பிறந்தபோது காலையில் வெள்ளையாகப் போன பந்து வெள்ளையாகவே வந்தது. அதை எடுத்துக்கொண்டுபோய் ஆஸ்பத்திரி மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். டிரெஸ்ஸர் அன்று சாயங்காலம் என்னை முன்வரிசையில் இடப்பக்கம் நிறுத்தினார்.

கப் போட்டி வைகாசி கடைசியில். உத்தமபாளையத்துக்கு எங்கள் ஊரே திரண்டு வந்துவிட்டது. இந்த முறை மரத்தில் ஏற வேண்டியிருக்கவில்லை, நம் ஆள் ஆடுகிறான் என்று சொல்லிக்கொண்டு கோட்டருகே வந்து நின்றார்கள். அய்யாவும் மாட்டுவண்டியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆட்டம் பார்க்க அல்ல, என்னைக் கூட்டிப்போக. வண்டியில் என் பெட்டிக்கு இடம்விட்டு வைக்கோல் பரப்பியிருந்ததைப் பார்த்தேன். எனக்கு ஆத்திரமாக வந்தது, ஆனால் அதுவும் நல்லதற்குத்தான். ஆத்திரத்தில் நான் நன்றாக ஆடுவேன்.

காய்ந்த தரை, வெறுங்கால், வெயில். என் மண்ணில் ஆடுகிறேன். பாதி ஆட்டத்துக்குள் அவர்கள் ஒன்று போட்டார்கள், டிரெஸ்ஸர் ஒன்று போட்டார். இரண்டாவது பாதியில் எதிரணியின் இரண்டு பேர் என்னோடு ஒட்டிக்கொண்டே ஓடினார்கள், அதுவே எனக்குப் பெருமையாக இருந்தது. முடிய ஐந்தாறு நிமிஷம் இருக்கும்போது டிரெஸ்ஸர் நீளமாக ஒரு பந்து தள்ளினார். கோலுக்கு முன்னால் போட்டிருந்த வட்டத்துக்குள் அது என் இடப்பக்கம் வந்தது. மட்டையைக் கவிழ்த்தேன். மூக்கு தரையைப் பார்த்தது. தட்டை முகம் பந்தில் பட்ட சத்தம் எனக்குத் தெரியும். இரண்டு மாதம் அந்தச் சத்தத்துக்காகத்தான் அடித்துக்கொண்டிருந்தேன். கோல்கீப்பரின் காலைத் தாண்டிப் பந்து உள்ளே போய்விட்டது.

விசில் ஊதியது. எங்கள் ஊர்க்காரர்கள் துண்டை வீசி எறிந்து ஆடினார்கள், கோலுக்குத்தான் விசில் என்று நினைத்து. எங்கள் ஊர்க்காரர்களில் அந்த விசிலின் அர்த்தம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். விசில் துரை கையை எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார். தப்பாட்டம் என்கிறார். அதே விசில் துரை. அன்று மலையில் மூன்று கும்பிடு வாங்கியவர்.

நான் அவரிடம் போனேன். "பிளாட் சைடு சார்" என்றேன். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ்தான் தேவைப்பட்டது. அவர் ஆடு என்று கை காட்டினார். மறுபடியும் சொன்னேன். எங்கள் மேனேஜர் துரை நாற்காலியிலிருந்து எழுந்தது தெரிந்தது. துரையிடம் எதிர்த்துப் பேசிய கிளார்க் மலையில் அதுவரை இல்லை. டிரெஸ்ஸர் ஓடிவந்து என் கையைப் பிடித்து, "மதி, போதும், விடு. இன்னும் நேரம் உண்டு" என்றார். நேரம் இருந்தது, வாஸ்தவம். வாயை மூடிக்கொண்டு ஆடியிருந்தால் இன்னொன்றுகூடப் போட்டிருப்பேன். ஆனால் அந்த ஒன்று என்னுடையது. பின்புறத்தால் போட்ட மூன்றை அவர் இல்லை என்றபோது நான் தலைகுனிந்து ஒத்துக்கொண்டேன். இதை எப்படி ஒத்துக்கொள்வேன்?

"கோல் சார்" என்றேன், மூன்றாவது முறை.

என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார். பத்துப் பேரோடு ஆடி, கடைசி நிமிஷத்தில் எங்கள் அணி ஒரு கோல் வாங்கித் தோற்றது. மேனேஜர் துரை என்னிடம் வரவில்லை. டிரைவர் வந்து, ஸ்டோர் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். டிரெஸ்ஸர் தூரத்திலிருந்து என்னைப் பார்த்தார், பிறகு மட்டைகளைக் கட்ட ஆரம்பித்தார். ஊர்க்காரர்களுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. ஜெயித்தவனை ஏன் வெளியே அனுப்பினார்கள் என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டு கலைந்தார்கள்.

வாக்குப்படி மலையிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த பெட்டியை வண்டியில் ஏற்றி, நானும் ஏறி உட்கார்ந்தேன். சொன்ன சொல் சொன்னதுதான். அய்யா மாட்டை நுகத்தில் பூட்டினார். எனக்கு அழுகை வரவில்லை. எதையாவது உடைக்க வேண்டும்போல் இருந்தது.

அப்போது திருவிதாங்கூர் அணியின் கோல்கீப்பர் வந்தார். காலில் கட்டிய பட்டையைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. அவர்கள் எஸ்டேட்டில் தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்க்கிறவர், மலையாளி, நல்ல உயரம். என்னிடம் பேசுவதற்கு முன், பெரியவர் என்று அய்யாவுக்குத்தான் கும்பிட்டார்.

"அது கோலாக்கும். தட்டைப் பக்கம்தான். ஞான் கண்டு."

அவர்களுடைய துரையிடமும் இப்போது இதைச் சொல்லிவிட்டாராம். அந்தத் துரை, பையன் எங்கே, விட்டுவிடாதே, நம் எஸ்டேட்டில் நிரந்தர வேலை என்று சொல்லிக் கூட்டிவா என்றாராம். அவர்கள் அணி வந்த லாரி புறப்பட்டுவிட்டது, குமுளி வரைக்கும் நாங்களே போய்விட்டால் அங்கே ஆள் நிற்கும் என்றார்.

பெட்டியோடு குதித்துவிடலாம்போல் இருந்தது. ஆனால் நான் அய்யாவிடம் கொடுத்த வாக்கில் இந்த எஸ்டேட் அந்த எஸ்டேட் என்ற பேச்சு இல்லை. கப் முடிந்த அன்று நிரந்தரம் ஆகாவிட்டால் வண்டியில் ஏறுவது என்பதுதான். மேகமலை என்னை விரட்டியாகிவிட்டது, நான் வண்டியில் ஏறியும் உட்கார்ந்தாகிவிட்டது. கேட்கவும் வாய் வரவில்லை, இறங்கவும் கால் வரவில்லை. ஆனி பிறக்கப் பதினைந்து நாள்கூட இல்லை. நாற்றங்கால் தயாராக இருந்தது.

அய்யா கோல்கீப்பரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கேட்டார்: "கோலுன்னு தெரியும்ல. அப்ப அங்கன வச்சே ஏன் சொல்லல?"

"சொன்னா ஞங்கள் தோத்துப் போகும்" என்றார் அவர், கூச்சமே இல்லாமல்.

அய்யா சிரித்தார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. கோல்கீப்பரை வண்டியில் ஏறிக்கொள்ளச் சொன்னார். வண்டி சின்னமனூர்ப் பக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்தது. மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, மாடுகளைக் கம்பம் ரோட்டுக்குத் திருப்பினார்.

கம்பத்தைத் தாண்டினோம். கூடலூர் வந்தபோது, அய்யா மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நடவுக்கு ஆளு கெடைக்கும்லே. ஒனக்குப் பதிலா வெளாடுறதுக்கு யாரு ஆளு அனுப்புவா?"

அந்த எஸ்டேட்டுக்கு நான் பதினோரு வருடம் ஆடினேன். அந்தப் பதினோரு வருடமும் ஆனி நடவுக்கு அய்யா கூலிக்கு ஆள் வைத்தார். ஒரு வருடம்கூட என்னை வா என்று கூப்பிடவில்லை.